உயர்மலை ஓடைகளில் டிரவுட் மீனும் ஐப்பசி நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்னாட்டில் ஓரிடத்தில் மட்டும் அகன்று வழிவிடுகிறது. அவ்விடமே பாலக்காட்டுக் கணவாய். அதன் வடபால் நீலகிரியும், தென்பால் ஆனைமலையும், அதனோடு தொடர்ந்து இடுக்கி மாவட்டத்தின் உயர்மலைகளும் எழுந்து நிற்கின்றன. பாலக்காடும் இடுக்கியும் நேரே எல்லை தொடும் மாவட்டங்கள் அல்ல. பாலக்காட்டுப் பறம்பிக்குளத்துக்கும் மூணாற்று மேட்டு நிலத்துக்கும் நடுவே கோவை மாவட்டத்து ஆனைமலைப் பகுதி கிடக்கிறது. ஆயினும் உயிரினங்களின் வாழ்வை ஆராய்வோருக்கு மாவட்டக் கோடுகளைவிட உயரக் கோடுகளே முக்கியமானவை. அவ்வகையில் கணவாயின் வடக்கிலும் தெற்கிலும் உள்ள மலைமுடிகள், வெப்பக் கடலால் சூழப்பட்ட இரண்டு குளிர்ந்த தீவுகள் போன்றவை.

இவ்விரு தீவுகளிலும், இந்நாட்டுக்கே உரியதல்லாத ஒரு மீன் நூறாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது. அதுவே டிரவுட். சால்மன் இனத்தைச் சேர்ந்த இம்மீனில் இங்கு அறியத்தக்க வகைகள் இரண்டு. வானவில் டிரவுட்டின் தாயகம், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரமும் அதற்கு எதிரே ஆசியாவின் கம்சாத்கா பகுதியும் ஆகும். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டையும், வால் துடுப்பு முழுவதும் கரும்புள்ளிகளும் உடையது வானவில் டிரவுட். பழுப்பு டிரவுட்டின் வாலில் புள்ளிகள் அரிது. உடலில் வெளிர் வளையத்துக்குள் அமைந்த செம்புள்ளிகள் காணப்படும். இரண்டிலும் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே கதிரில்லாத சிறு கொழுப்புத் துடுப்பு ஒன்று உண்டு. பழைய பாடநூல்களில் வானவில் டிரவுட்டுக்குச் சால்மோ கைர்ட்னெரி என்ற பெயர் இருப்பதை ஆசிரியர்கள் கண்டிருக்கலாம். அப்பெயர் 1989-இல் கைவிடப்பட்டு, இப்போது ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்பதே வழங்குகிறது.

வந்த வழி

தென்னிந்தியாவில் டிரவுட்டை வளர்க்கும் முயற்சி 1863-இல் தொடங்கிற்று. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய மருத்துவர் பிரான்சிஸ் டே அவ்வாண்டில் நீலகிரியில் அதனைக் குடியேற்ற முயன்று தோல்வியுற்றார். மலைமேல் நீர் தக்கதாகவே இருந்தது; கடலிலும் சமவெளியிலும் முட்டைகள் கடந்துவர வேண்டியிருந்த வெப்பத்தை வெல்வதே அரிதாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் அம்முயற்சியை மீண்டும் மேற்கொண்டு வெற்றி கண்டார். நீலகிரியில் அவலாஞ்சியில் அமைந்த குஞ்சு பொரிப்பு நிலையம் அவர் பணியின் விளைவு. காஷ்மீரத்திலும் கதை ஏறக்குறைய இதுவே: முதலில் வந்த முட்டைகள் வழியில் கெட்டன, 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவையே பொரித்தன. இலங்கையில் நுவரெலியாவைச் சுற்றியுள்ள மலை ஓடைகளில் தோட்டக்காரர்கள் இதற்கு முன்னரே டிரவுட்டைப் பரப்பியிருந்தனர்.

மூணாற்றிலும் தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியர்களே இம்மீனைக் கொணர்ந்தனர். உணவுக்காக அன்று, தூண்டில் விளையாட்டுக்காக. அவர்கள் அமைத்த உயர்மலைத் தூண்டிற்காரர் சங்கமும், இராஜமலையில் எழுந்த பொரிப்பு நிலையமும் இம்மீனின் வரலாற்றில் இடம்பெறுவன. பழுப்பு டிரவுட்டும் இங்குக் கொணரப்பட்டது. நிலைத்து நின்றது வானவில் டிரவுட்டே. வெப்பத்தைச் சற்று அதிகமாகத் தாங்கும் இயல்பு அதற்கு உண்டு. அந்தச் சிறு வேறுபாடே இங்கு வாழ்வுக்கும் அழிவுக்கும் உள்ள வேறுபாடாகிவிட்டது.

வேலி எது?

பாலக்காட்டு நகரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி உஷ்ணநிலையை ஏறத்தாழ 27 அல்லது 28 டிகிரி சென்டிகிரேட் எனக் கொள்ளலாம். கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் காற்றின் உஷ்ணம் சுமார் 6.5 டிகிரி குறைகிறது. ஆகவே 2,000 மீட்டர் உயரமுள்ள இரவிகுளம் மேட்டு நிலத்தில் ஆண்டுச் சராசரி 15 டிகிரி அளவில் இருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. ஓடை நீரின் ஆண்டுச் சராசரி உஷ்ணம் அவ்விடத்துக் காற்றின் சராசரியை ஒட்டியே அமைவது இயல்பு. வானவில் டிரவுட் நன்கு இரை தின்று வளர்வது 12 முதல் 16 டிகிரி வரையுள்ள நீரில். 20 டிகிரியைத் தாண்டினால் இரையில் நாட்டம் குறையும். 25 டிகிரியை ஒட்டி உயிருக்கே இறுதி.

இதற்குக் காரணம் கேட்டால், குளிர்ந்த நீரில் பிராணவாயு மிகுதியாகக் கரையும், வெந்நீரில் குறைவாகக் கரையும், ஆதலால் டிரவுட் குளிர்ந்த நீரை நாடுகிறது என்று வகுப்பறைகளில் விடை கூறுவது வழக்கம். விடை தவறன்று, ஆனால் பாதியே. கடல் மட்டத்தில் 25 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நீர், நிறைவு நிலையில் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். அதே கடல் மட்டத்தில் 13 டிகிரி நீர் சுமார் 10.5 மில்லிகிராம் கொள்ளும். ஆனால் டிரவுட் வாழும் ஓடை கடல் மட்டத்தில் இல்லை. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்த விகிதப்படி அங்குள்ள 13 டிகிரி நீர் கொள்ளக்கூடியது சுமார் 8.3 மில்லிகிராமே! குளிர் கொடுத்ததை உயரம் பறித்துக்கொண்டது. இராஜமலை ஓடையும் கடற்கரையருகே ஓடும் வெதுவெதுப்பான ஆறும், நீர் நன்கு கலங்கிக் காற்றுடன் தொடர்புகொண்டிருந்தால், பிராணவாயு அளவில் ஒன்றே.

எனினும் முன்னதில் டிரவுட் வாழ்கிறது, பின்னதில் மாள்கிறது. வேறுபாடு நீரில் உள்ள இருப்பில் இல்லை. மீனின் தேவையில் உள்ளது. மீன் தன் உடலுக்கென உஷ்ணத்தை ஆக்கிக்கொள்ளாத பிராணி. நீரின் உஷ்ணமே அதன் குருதியின் உஷ்ணம். நீர் 10 டிகிரி சூடேறினால் அதன் உடலில் நிகழும் இரசாயன மாற்றங்கள் விரைந்து, பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இரட்டிக்கிறது. வரவு மாறாமலிருக்கச் செலவு இருமடங்காகும் குடும்பத்தின் நிலையை ஒத்தது இது. சமவெளியின் கெண்டையும் விராலும் அந்தச் செலவுக்கேற்ப அமைந்தவை. விரால் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கவும் வல்லது. டிரவுட்டுக்கு அவ்வசதி எதுவும் இல்லை.

ஆகவே பாலக்காட்டுக் கணவாயில் எவரும் மதில் எழுப்பவேண்டியதில்லை. நீலகிரி விளிம்பில் தோன்றி அமைதிப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கும் குந்திப்புழை, இறுதியில் பாரதப்புழையோடு சேர்கிறது. ஒருக்கால் ஒரு டிரவுட் பெருக்கில் அடித்துவரப்பட்டாலும், பாரதப்புழையின் வெதுவெதுப்பைக் கடந்து ஆனைமலைப் பக்கம் ஏற அதனால் ஆகாது. வெப்பமே அதன் வேலி.

ஐப்பசியும் கார்த்திகையும்

ஐரோப்பாவில் இலையுதிர் காலம் டிரவுட் தூண்டிற்காரரின் ஆண்டிறுதி. நம் உயர்மலைகளில் இலையுதிர் காலம் என ஒன்றில்லை. சோலை மரங்கள் ஆண்டு முழுவதும் பசுமை மாறாதவை. ஆயினும் அதே மாதங்களில் இங்கும் ஓடைகளில் ஒரு திருப்பம் நேருகிறது. அதனை ஆள்வது இலை அன்று, மழை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவை மோதி இடைவிடாது பொழியும். கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூரும் சின்னாறும் மழை மறைவுப் பகுதிகளாக வறண்டு கிடக்க, ஆனைமுடியின் மேற்குமுகம் நனைந்துகொண்டே இருக்கும். அக்காலத்து ஓடை தூண்டிலுக்கு ஆகாது. நீர் பழுப்பேறிச் சீறும். மீன் கரையோரப் பாறைகளின் பின்னே ஒதுங்கிக் கிடக்கும். எதிரே மிதந்து வரும் இரையை அதனால் காணவும் இயலாது. செப்டம்பர் இறுதியில் மழை இளைக்கிறது. பின்னர் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. மலையாளத்தில் இதனைத் துலாவர்ஷம் என்பர். இது வேறு குணம் உடையது: காலை தெளிவாக விடியும், பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும், மறுநாள் காலை வானம் மீண்டும் தெளிந்திருக்கும்.

இந்த இடைவெளிகளே ஓடைக்கு உயிரூட்டுகின்றன. சோலையும் புல்வெளியும் மாறிமாறி அமைந்த இம்மேட்டு நிலத்தில், பள்ளங்களிலுள்ள கருமண்ணும் சேற்று நிலமும் நான்கு மாத மழையை உறிஞ்சி வைத்திருக்கும். மழை ஓய்ந்தபின் அந்நீர் மெல்லக் கசிந்து இறங்கும். அது வானிலிருந்து நேரே ஓடையில் விழுந்த நீரன்று. மண்ணுக்குள் நாள் பல கடந்து, தெளிந்து, மண்ணின் குளிர்ச்சியைப் பெற்ற நீர். நிலத்துக்குள் இருந்து வரும் நீரின் உஷ்ணம் நாள்தோறும் ஏறி இறங்குவதில்லை. ஆதலால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படியும்போதும் ஓடை உறைவதில்லை. நண்பகலில் வெயில் காய்ந்தாலும் சோலை நிழலில் ஓடும் நீர் விரைவில் சூடேறுவதில்லை. சோலையை வெட்டினால் ஓடையின் நீர் குறையும் என்பதைப் பலரும் அறிவர். அதன் உஷ்ணமும் ஏறும் என்பதை நினைப்போர் சிலரே.

தூண்டிற்காரன் நாடும் நிலை யாதெனில், முந்தின நாள் மாலைப் பெருக்கு வடியத் தொடங்கி, நீரின் நிறம் சேற்றுப் பழுப்பிலிருந்து இளந்தேயிலை நிறத்துக்கு மாறும் வேளை. பெருக்கு, கரைப் புற்களிலிருந்து வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு முதலியவற்றை அடித்துக்கொண்டு வந்திருக்கும். ஓடைக்கற்களின் அடியில் மணலாலும் சருகாலும் கூடு கட்டி வாழும் பூச்சிப்புழுக்களும் இடம் பெயர்ந்து மிதந்து வரும். டிரவுட் இவற்றைத் தேடி அலைவதில்லை. வேகமான நீர் மடுவில் விழுந்து தணியும் இடத்தில், மேல்நோக்கித் தலை வைத்து, நீரோட்டம் கொணர்வதை எதிர்நோக்கி நிற்கும். ஆதலால் அதன் பின்புறமாக, கீழிருந்து மேலாக ஓடையை அணுகுவதே முறை. செயற்கை ஈயை அதன் முன்னே இயற்கையான வேகத்தில் மிதக்க விடுவதில்தான் இவ்விளையாட்டின் நுட்பம் முழுதும் அடங்கியிருக்கிறது. இரண்டொரு நாள் மழையின்றிப் போய் நீர் முற்றும் தெளிந்துவிட்டால் நிலை மாறும். கண்ணாடி போன்ற நீரில் கரையில் விழும் மனித நிழலே மீனை ஒளியச் செய்யும். அப்போது காலை முன்னேரமும் மாலையுமே பயன்படும்.

ஐப்பசி மாதப் பிற்பகலைப் பற்றி ஓர் எச்சரிக்கை இங்கே பொருந்தும். மரமற்ற புல்வெளியில், நீண்ட கோலைக் கையில் உயர்த்தி நிற்பவன் மின்னலுக்கு எளிதான இலக்கு. இக்காலத்துத் தூண்டிற்கோல்களிற் பல, மின்சாரத்தைக் கடத்தும் கரி இழையால் ஆனவை. இடியோசை முதன்முறை கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துப் பள்ளப் பகுதிக்கு இறங்கிவிடுவதே அறிவுடைமை. மேலும் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அனுமதியின்றி எவ்வுயிரையும் பிடித்தலும் எடுத்தலும் சட்டப்படி குற்றம். இது மீனுக்கும் பொருந்தும். எல்லைக்கு வெளியிலும் நீருக்கு உரியவரின் அனுமதி பெற்ற பின்னரே தூண்டிலை நீட்டலாம்.

முட்டையின் கடுமை

இதுவரை கூறியவை வளர்ந்த மீனைப் பற்றியவை. இம்மாதங்களின் உண்மையான முக்கியத்துவம் வேறிடத்தில் உள்ளது. குளிர் மாதங்களே டிரவுட் முட்டையிடும் காலம்.

வளர்ந்த வானவில் டிரவுட் 20 டிகிரி நீரைப் பொறுத்துக்கொள்ளும். அதன் முட்டை பொறுக்காது. முட்டைகள் நன்கு தேறுவது 7 முதல் 13 டிகிரி வரையிலான நீரில். அதற்குமேல் செல்லச் செல்லச் சேதம் பெருகும். ஆகவே ஓர் ஓடையில் டிரவுட் கொழுத்துத் திரிவதைக் கண்டு, அது அங்கே நிலைத்துவிட்டது என முடிவு கட்டுதல் கூடாது. தன் ஆயுள் முழுவதும் வாழ்ந்தும் ஒரு குஞ்சைக்கூடப் பிழைக்கச் செய்ய இயலாத மீன் கூட்டம் இருக்கலாம். அத்தகைய ஓடையில் ஆண்டுதோறும் பொரிப்பு நிலையத்திலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து விட்டால்தான் இனம் தொடரும்.

முட்டை பொரிக்க ஆகும் காலமும் உஷ்ணத்தைப் பொறுத்ததே. சுமார் 4.5 டிகிரி நீரில் 80 நாட்கள், 10 டிகிரியில் 31 நாட்கள், 15.5 டிகிரியில் 19 நாட்கள். விரைவாகப் பொரிப்பது நன்மை என்று எண்ணத் தோன்றும். ஆனால் மேல் எல்லையை நெருங்கிய நீரில் விரைந்து பொரிக்கும் கூட்டத்தில் இழப்பும் மிகுதி.

முட்டையிடும் பெண் மீன், மடுவின் கீழ்முனையில் நீர் ஆழம் குறைந்து வேகமெடுக்கும் இடத்தைத் தேர்ந்து, வாலால் பரற்கற்களை அடித்துக் குழி பறிக்கும். அதில் முட்டையிட்டு, ஆண் மீன் விந்தைச் சொரிந்தபின், மேலுள்ள பரலைக் கிளறி மூடிவிடும். அதன்பின் காவல் இல்லை. பரற்கற்களின் இடுக்குகளில் ஓடும் நீரே முட்டைக்குச் சுவாசம். அவ்விடுக்குகளை நுண்வண்டல் அடைத்துவிட்டால், மேலே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே முட்டைகள் மூச்சடைத்து மடியும். சாலை வெட்டும் மண்ணும், மேய்ச்சலால் சிதைந்த கரையும், புதிதாகக் கிளறிய சரிவும் ஓடைக்குத் தரும் தீங்கு இதுவே. கார்த்திகை மாதப் பெருமழை வந்தால் பரற்படுகையே புரண்டு குழிகள் சிதறுவதும் உண்டு.

பெருவெள்ளங்களை இம்மலை அறியாததன்று. 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மூணாறு நகரும், குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இரயில் பாதையும் அழிந்தன. 2018 ஆகஸ்டில் முதிரைப்புழை கரைபுரண்டது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் சரிந்த மண், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரின் உயிரைக் கொண்டது. மாண்டோரிற் பெரும்பாலோர் தமிழர். அத்தகைய இழப்பின் முன் மீனைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. ஆயினும் மலைச்சரிவு நீரைத் தாங்கும் வரம்பைத் தாண்டும்போது, ஓடையில் முதலில் தோன்றும் அறிகுறி கலங்கலே என்பதைக் கள ஊழியர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, முட்டையிடும் காலம் ஏன் இங்குச் சிதறிக் காணப்படுகிறது என்பதையும் கூறவேண்டும். டிரவுட்டின் உடலில் முட்டை முதிர்வதைத் தூண்டும் கடிகாரம், பகற்பொழுதின் நீளம் மாறுவதே. ஸ்காட்லாந்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறக்குறைய 11 மணி நேர வேறுபாடு உண்டு. பத்தாம் அட்சரேகையை ஒட்டிய மூணாற்றில் அவ்வேறுபாடு சுமார் 1 மணி 10 நிமிடமே. உரத்த மணியோசைக்குப் பதில் முணுமுணுப்பே கேட்கும் நிலை இது. ஆகவே எல்லா மீன்களும் ஒரே வாரத்தில் முதிருமென எதிர்பார்ப்பதற்கில்லை. பொரிப்பு நிலையப் பணியாளர் குளிர்காலம் முழுவதும் தாய்மீன்களை வாரந்தோறும் சோதித்துப் பார்ப்பது இதனாலேயே.

அந்நிலையத்தில் நடைபெறும் வேலை காண்பதற்கு எளியது, செய்வதற்கு அரியது. முதிர்ந்த பெண் மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டைகளை உலர்ந்த பாத்திரத்தில் பெறுவர். அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பிழிந்து, இறகால் கலந்து, பின்னரே நீர் ஊற்றுவர். முதலிலேயே நீர் சேர்ந்துவிட்டால், விந்தணுக்கள் ஒரு நிமிடத்துக்குள் ஆற்றல் இழந்துவிடும். ஒரு கிலோகிராம் எடையுள்ள பெண் மீன் 1,500 முதல் 2,000 வரை முட்டைகள் தரும். அவற்றைத் தட்டுகளிற் பரப்பி, இருளில், ஓடும் நீரில் வைப்பர். ஏறக்குறையப் பாதி நாட்கள் கழிந்ததும் முட்டைக்குள் இரு கரும்புள்ளிகளாகக் கண்கள் தோன்றும். அதன் பின்பே முட்டையை அசைக்கவும் வேறிடத்துக்கு அனுப்பவும் இயலும். டே காலத்தில் கப்பலேறிய முட்டைகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே. பொரித்த குஞ்சு தன் வயிற்றின் கீழ்த் தொங்கும் கருவுணவுப் பையை உண்டு முடிக்கும்வரை வெளியுணவைத் தேடாது.

விருந்தாளியின் கணக்கு

டிரவுட் இம்மலையின் குடியன்று, விருந்தாளி. விருந்தாளி வீட்டாரை உண்ணத் தொடங்கினால் என் செய்வது என்ற கேள்வி இன்று எழுந்துள்ளது. உலகின் மிகக் கேடு பயக்கும் நூறு அயல் உயிரினங்கள் என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில், வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட் இரண்டுமே இடம்பெற்றுள்ளன. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், மீனே இல்லாதிருந்த உயர் ஏரிகளில் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் விடப்பட்டது. அங்கு வாழ்ந்த மஞ்சட்கால் மலைத்தவளை பல ஏரிகளிலிருந்து மறைந்தது. சில ஏரிகளில் மீனை அகற்றியபின் தவளைகள் சில ஆண்டுகளிலேயே பெருகின.

மேற்குத் தொடர்ச்சி மலை, உலகில் வேறெங்கும் இல்லாத தவளை இனங்கள் செறிந்த இடம். அவற்றிற் பல, தம் தலைப்பிரட்டைகளை ஓடைக்கற்களிடையே வளர்ப்பவை. பாறையில் ஒட்டி வாழும் சிறு மீன்களும் இவ்வோடைகளுக்கு உரியவை. நூறாண்டுகளாக டிரவுட் வாழும் நீரில் அதை வேரோடு அகற்றுதல் எளிதன்று; அதற்கான அவசரமும் எல்லா இடத்தும் இருப்பதாகக் கூற முடியாது. ஆனால் அது இன்னும் சென்றடையாத நீர்வீழ்ச்சிக்கு மேற்பட்ட ஓடைகளில், அழகுக்காகவோ விருந்தினரின் பொழுதுபோக்குக்காகவோ ஒரு வாளிக் குஞ்சுகளைக் கொண்டுபோய் விடுவது மன்னிக்கத்தக்க செயலன்று. ஓர் அருவி இயற்கையாகக் காத்துவந்த எல்லையை ஒரு வாளி ஒரே நாளில் கடந்துவிடும்.

விருந்தாளிக்கும் வீட்டாருக்கும் பொதுவான ஆபத்து ஒன்றுண்டு. உயரம் 1,000 மீட்டர் கூட 6.5 டிகிரி குறையும் என்ற முன்கணக்கைத் திருப்பிப் போட்டால், சராசரி உஷ்ணம் 2 டிகிரி உயர்ந்தால், ஒரு குறிப்பிட்ட குளிர்ச்சியைப் பெறச் சுமார் 300 மீட்டர் மேலே ஏறவேண்டும் என்று வரும். இமயத்துக்குத் தெற்கே மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியின் உயரமே 2,695 மீட்டர். இரவிகுளம் மேட்டு நிலத்துக்கும் அம்முடிக்கும் இடையே எஞ்சியுள்ள உயரம் 700 மீட்டர் அளவே. அதிலும் மேலே செல்லச் செல்ல ஓடைகள் சிறுத்து, மீன் நிற்க இயலாத ஊற்றுக்கண்களாகிவிடும். 12 டிகிரி நீரில் பொரிக்கும் முட்டைக்கு 2 டிகிரி என்பது சிறு எண் அன்று.

ஓடையருகே செய்யத்தக்கவை

இம்மாற்றத்தை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சாதாரண உஷ்ணமானி ஒன்றும், ஒரு நோட்டுப் புத்தகமும், தவறாமல் செல்லும் ஒருவரும் போதும். உஷ்ணமானியைக் கயிற்றில் கட்டி, வெயில் படாத இடத்தில், ஓடும் நீரில் மூன்று நிமிடம் தொங்கவிட வேண்டும். நீருக்குள் இருக்கும்போதே அளவைப் படித்தல் நலம். வெளியே எடுத்தவுடன் ஈரம் ஆவியாவதால் அளவு இறங்கிவிடும். தேங்கிய மடுவின் ஓரத்தில் எடுத்த அளவு பயன் தராது. காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஒரே இடத்தில் எடுத்துவந்தால், அன்றைய தாழ்நிலையும் உச்சநிலையும் ஏறக்குறையக் கிடைக்கும். சோலைக்குள் ஓரிடமும், சோலையற்ற சரிவில் ஓரிடமுமாக இரண்டு நிலையங்கள் அமைத்தால், நிழலின் மதிப்பை மாணவர் எண்ணாகவே காண்பர்.

உஷ்ணத்தோடு, முந்தின நாள் மழை பெய்ததா, நீரின் நிறம் என்ன, நீர்மட்டம் ஒரு குறிப்பிட்ட பாறையில் எவ்வளவு ஏறியிருந்தது என்பவற்றையும் எழுதி வைக்கலாம். மேட்டு நிலத்துப் பள்ளிகளும், மறையூரை ஒட்டிய மழை மறைவுப் பகுதிப் பள்ளிகளும், பாலக்காட்டுப் பக்கத்துப் பள்ளிகளும் ஒரே நாளில் அளவெடுத்து ஒப்பிட்டால், உயரத்துக்கும் உஷ்ணத்துக்கும் உள்ள தொடர்பு வரைபடத்தில் ஒரு சாய்கோடாகத் தோன்றும்.

நவம்பரில் இருந்து மடுவின் கீழ்முனைகளில், சுற்றிலும் பாசி படிந்த கற்களின் நடுவே, புதிதாகக் கழுவியது போன்ற வெளிறிய பரற்பரப்பு தென்பட்டால் அது முட்டைக்குழியாக இருக்கலாம். அதன்மேல் கால் வைத்தல் கூடாது. தள்ளி நின்று இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். நிறம் கறுத்துத் தாடை வளைந்த ஆண் மீனோ, வயிறு பருத்த பெண் மீனோ தூண்டிலிற் சிக்கினால், நனைந்த கையால் பிடித்து நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றிவிட வேண்டும். உலர்ந்த கை அதன் மேற்பூச்சை உரித்துவிடும். முட்டைக்குழி இருந்த இடத்தைக் குளிர்காலம் கழிந்தபின் மீண்டும் சென்று பார்த்து, கரையோர ஆழமற்ற நீரில் விரல்நுனி அளவுள்ள குஞ்சுகள் தென்படுகின்றனவா எனக் குறிக்கவேண்டும். அவ்வோடையில் நிலையத்துக் குஞ்சுகள் விடப்படாதிருக்க, இரண்டு மூன்று ஆண்டுகள் அவை தொடர்ந்து காணப்பட்டால், அங்கு டிரவுட் தானாகவே இனம் பெருக்குகிறது என்று பதிவேட்டில் எழுதலாம்.